பச்சைத்தண்ணீர்கூட வாங்கிக் குடிக்காதவர்

எங்கள் குடியிருப்பில் யார் வீட்டிலாவது அவர் தண்ணீர் வாங்கிக் குடித்துப் பார்த்தவர்கள் கிடையாது, என்னைத் தவிர.

செக்ரட்டரி என்றுதான் எல்லோரும் கூப்பிட்டோம். பெயர் இல்லாமல் இல்லை. அவருடைய பிள்ளைகள் இன்னும் தீவில்தான் இருக்கிறார்கள், எதிரே வந்தால் நின்று நலம் விசாரிக்கிற பிள்ளைகள், அதனால் பெயர் வேண்டாம். ராமநாதபுரம் பக்கத்து ஆள். போர்ட் பிளேயர் டவுனில் ஒரு ஆபீசில் கிளார்க். அறுபதுகளின் தொடக்கத்தில் நான் கல்யாணமாகித் தூத்துக்குடிக் கரையை விட்டுக் கப்பலேறி வந்தபோதே எங்கள் கடற்கரைக் குடியிருப்புக்கு ஒரு சங்கம் இருந்தது, அதற்கு அவர்தான் செக்ரட்டரி. தலைவர் என்று ஒருவர் இருந்தாரா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. யாரும் கேட்டதும் இல்லை.

ஒடிசலான ஆள். முழுக்கை வெள்ளைச் சட்டை, கணுக்காலுக்கு மேலே மடித்துவிட்ட பேண்ட், கையில் கறுப்புக் குடை. மழைக்கும் குடை, வெயிலுக்கும் குடை, இரண்டும் இல்லாத நாளில் அதை முதுகுக்குப் பின்னால் குறுக்கே பிடித்துக்கொண்டு நடப்பார். வீட்டுக்கு வந்தால் வாசலில் முக்காலி போடுவோம். காப்பி போடட்டுமா என்றால், "இப்பத்தாம்மா குடிச்சேன்" என்பார். மோர் என்றால் சளி பிடித்திருக்கும். வெறும் தண்ணீர் என்றால் வயிறு நிறைந்திருக்கும். கிறிஸ்துமஸுக்கு நாங்கள் கொடுக்கிற பலகாரமானாலும் சரி, பூஜைக்குப் பெங்காலி வீட்டில் கொடுக்கிற இனிப்பானாலும் சரி, தட்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு திருப்பிக் கொடுத்துவிடுவார்.

இதில் ஆண்களுக்கு ஒரே பெருமை. புதிதாகக் குடிவருகிறவர்களிடம் முதலில் இதைத்தான் சொல்வார்கள். எனக்கு அப்படி இல்லை. நான் பிறவியிலேயே கொஞ்சம் சந்தேகப் பிராணி. காப்பி குடித்துவிட்டுப் போகிறவனுக்கு நம்மிடம் என்ன வேண்டும் என்று பாதிக் காப்பியிலேயே தெரிந்துவிடும். குடிக்காமல் போகிறவனுக்கு என்ன வேண்டும் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? என் வீட்டுக்காரரிடம் இதைக் கேட்டேன். அவர் ஃபீனிக்ஸ் பே ஜெட்டிப் பக்கம் ஒரு படகு ஒர்க்‌ஷாப்பில் மெக்கானிக்.

"ஏட்டி, அந்த மனுசன் ஒண்ணும் வேண்டாம்னு சொல்லுதாரு. அதுக்குமா குத்தம் கண்டுபிடிக்க?" என்றார்.

"ஒண்ணும் வேண்டாம்னா எதுக்கு வீடு வீடா வாராரு?"

"நம்ம குறையக் கேக்கத்தான்."

குறை கேட்பதில் அவரை அடிக்க ஆள் கிடையாது, அதையும் சொல்லிவிடுகிறேன். குடையை இரண்டு முழங்காலுக்கும் நடுவில் ஊன்றி, அதன் பிடிமேல் கையை வைத்து, கண்ணை மூடிக்கொள்வார். நாம் பேசப் பேசத் தலையாட்டுவார். நாம் சொல்லி முடிப்பதற்கு முன்பே அடுத்து என்ன சொல்லப்போகிறோம் என்று தெரிந்தவர் மாதிரி ஆட்டுவார். குரலை உயர்த்தினால் அவர் முகம் வாடும், நமக்கே பாவமாகிப்போய்க் குரலை இறக்குவோம். எல்லாம் கொட்டித் தீர்த்த பிறகு கண்ணைத் திறந்து, "சரிம்மா. நான் சொல்லிர்றேன்" என்பார். அடுத்த தடவை கேட்டால், "சொல்லியாச்சு. ஆயிரும்." பெங்காலிக்காரர்களிடமும் தெலுங்குக்காரர்களிடமும் அதையே தீவு இந்தியில், "போல் தியா. ஹோ ஜாயேகா." யாரிடம் சொன்னார் என்று கேட்டால் குடை நுனியால் மேலே காட்டுவார். அவர் காட்டிய இடத்தில் எனக்குத் தெரிந்து தென்னை மட்டைதான் தொங்கிக்கொண்டிருந்தது.

ஆனால் சில காரியம் நடக்கவும் செய்தது. பள்ளிக்கூடக் கொட்டகைக்குத் தகரம் வந்தது. பக்கத்து வீட்டுப் பெங்காலி அக்கா, நாங்கள் எல்லோரும் பௌதி என்று கூப்பிடுவோம், அவள் புருஷன் வயிறு வீங்கிப் படுத்துவிட்டான். மெயின்லேண்டு போகிற கப்பலில் இடமே இல்லை என்றார்கள். செக்ரட்டரி கப்பல் ஆபீஸ் வாசலில் பகல் முழுக்க நின்று இடம் வாங்கிக் கொடுத்தார். அன்றும் பௌதி நீட்டிய இளநீரைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுப் போனார். அதனால் அவர் பொய்க்காரர் என்று எழுத எனக்குக் கை வரவில்லை. வந்திருந்தால் இந்தச் சங்கதி சுருக்கமாக முடிந்திருக்கும்.

மணல் விஷயத்துக்கு வருகிறேன்.

நான் வந்த புதிதில் எங்கள் கரை அகலமானது. வீட்டு வாசலிலிருந்து அலைக்குப் போய்ச் சேர்வதற்குள் பிள்ளைகளுக்கு மூச்சு வாங்கும். வீடுகளுக்கு முன்னால், மணல்மேட்டின் இந்தப் பக்கம், எங்கள் கிணறு. குடியிருப்புக்கு இருந்த ஒரே நல்ல தண்ணீர் அதுதான். கடலுக்கு அவ்வளவு பக்கத்தில் இப்படி ஒரு இனிப்பா என்று வெளியாட்கள் கேட்டுக் கேட்டுக் குடிப்பார்கள். தூத்துக்குடிக் கரையில் பிறந்த எனக்கு அதில் ஆச்சரியம் எதுவும் இல்லை. மழைத் தண்ணீரை மணல் பிடித்து வைத்துக்கொண்டு, கடலை வெளியே நிறுத்தி வைக்கும். மணல்மேடு இருக்கிறவரைதான் ஊற்று. எங்கள் தூத்துக்குடிப் பக்கம் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த விஷயம், யாரும் வந்து பாடம் எடுக்க வேண்டியதில்லை.

டாலிகஞ்ச் பக்கம் குவார்ட்டர்ஸ் கட்ட ஆரம்பித்தார்கள். காண்டிராக்டர் ஒருவர் எங்கள் கரைக்கு லாரி அனுப்பினார். முதலில் ஒன்று. பிறகு அது போவதற்குள் அடுத்தது வந்து நின்றது. கூடைக்காரர்கள் பாட்டுப் பாடிக்கொண்டே அள்ளினார்கள். பிள்ளைகளுக்கு வேடிக்கை. நாங்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தோம். கரையோரம் பெரிய மோவா மரம் ஒன்று நின்றது, சங்கக் கூட்டம் அதன் அடியில்தான் நடக்கும். மணல் இறங்க இறங்க அதன் வேர் வெளியே வந்தது. வெளியே வந்த வேர் உட்கார வசதியாக இருந்தது. அதற்கு முன்னால் பெண்கள் நின்றுகொண்டே கூட்டம் கேட்போம், இப்போது எங்களுக்கும் உட்கார இடம் கிடைத்தது என்று சிரித்தார்கள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. செக்ரட்டரி வந்தபோது முக்காலியைப் போட்டேன், காப்பி வேண்டுமா என்றுகூடக் கேட்கவில்லை.

"மணல் போனா கிணறு போகும் சார். கிணறு போனா நாங்க எங்க போறது? இந்த லாரிய யாரு விட்டது?"

கண்ணை மூடிக் கேட்டார். தலையாட்டினார். "நியாயம்தாம்மா. சொல்லிர்றேன்."

இந்த இடத்தில் பூரானைப் பற்றிச் சொல்ல வேண்டும். தீவுக்குப் புதிதாக வருகிறவர்கள் பாம்புக்குப் பயப்படுவார்கள். இங்கே வாழ்ந்தவர்கள் கான்கஜூராவுக்குப் பயப்படுவார்கள். பூரான்தான், ஆனால் நம் ஊர்ப் பூரான் இதற்குப் பேத்தி. மண் தரையில் மழைக்காலத்தில் பாய்க்கு அடியில் வந்து படுத்திருக்கும். என் மூத்தவளைப் பெற எனக்கு இடுப்பு வலி எடுத்திருந்த சமயத்தில் என் பாதத்தில் கடித்தது. எந்த வலி எங்கே இருந்து வருகிறது என்று தெரியாமல் கத்தினேன். அதிலிருந்து எனக்கு இருந்த ஆசை ஒன்றே ஒன்றுதான், சிமெண்டுத் தரை. சிமெண்டு மெயின்லேண்டிலிருந்து கப்பலில் வர வேண்டும். வந்தது எல்லாம் சர்க்காருக்கும் காண்டிராக்டருக்கும் போய்விடும். எங்களுக்கு மூட்டையின் சாக்குகூடக் கிடைக்காது.

நான் செக்ரட்டரியிடம் மணலைப் பற்றிச் சத்தம் போட்டு அதிக நாள் ஆகவில்லை. பத்துபஸ்தியில் இருக்கிற நாத்தனாரைப் பார்த்துவிட்டுத் திரும்பி வருகிறேன், எங்கள் வாசலில் ஒரு குவியல் மணல். பக்கத்தில் சாக்குப் போட்டு மூடிய சிமெண்டு மூட்டைகள். என் வீட்டுக்காரர் திருவிழாவுக்குப் போகிற முகத்தோடு நிற்கிறார்.

"ஏது இது?"

"செக்ரட்டரி சொல்லி விட்டாராம். வெளிய யார்ட்டயும் மூச்சு விடாத. எல்லாருக்கும் குடுக்க முடியாதுன்னு சொன்னாவ."

"நான் லாரிய நிப்பாட்டச் சொன்னேன். தரை கேட்டனா?"

"வேண்டாமா ஒனக்கு? திருப்பி அனுப்பட்டா?"

இளையவள் அப்போது வயிற்றில் இருந்தாள். நான் சாக்கை இன்னும் கொஞ்சம் இழுத்து மூட்டைகளை மூடினேன். பூரான் கடித்தவள் வந்து என்னைக் கேட்கட்டும், பதில் சொல்கிறேன்.

தரை போட்டோம். வழவழவென்று இருந்தது, முதல் மழை வரைக்கும். மழை வந்ததும் தரை வேர்த்தது. காய்ந்தபோது வெள்ளையாக உப்புப் பூத்தது. கடல் மணலைக் கழுவாமல் போட்டால் அப்படித்தான் ஆகும். வெளியே தெரிந்தால் எங்கிருந்து வந்தது என்று கேட்பார்களே என்று என் வீட்டுக்காரர் பாயை வாங்கி வந்து அதன்மேல் விரித்துவிட்டார். பகலிலும் பாய் கிடந்தது.

அதன் பிறகுதான் என் கண்ணுக்கு மற்ற வீடுகள் தெரிந்தன. பௌதி வீட்டுக்கு மஞ்சள் வாங்கப் போனேன், பகலில் பாய். மலையாளி வீட்டில் பாய். கோடி வீட்டுத் தெலுங்குக்காரர் வீட்டில் பாய் பத்தாமல் பழைய படகுப் பாயை வேறு விரித்திருந்தார்கள். நான் எதையோ தவற விட்டவள் மாதிரிக் குனிந்து ஓரத்தைத் தூக்கிப் பார்த்தேன். வெள்ளைப் பூ. "க்யா டூண்ட்தி ஹோ?" என்ன தேடுகிறாய் என்று அந்த அம்மா கேட்டாள். கம்மல் திருகாணி என்றேன். என் காதில் இரண்டும் பத்திரமாக இருந்தன, அவளும் அதைப் பார்த்தாள்.

ஆளுக்கு ஆள் தான் மட்டும்தான் வாங்கினோம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம் என்பது அப்போது புரிந்தது. சரி, இத்தனை பேருக்குத் தரை போட்டுக் கொடுத்தவர் தன் வீட்டுக்கு மாளிகையே கட்டியிருப்பார் என்று எனக்குள் ஒரு சந்தோஷம். திருடனைப் பிடிக்கப் போகிற சந்தோஷம்தான், வேறென்ன. அவர் வீடு குடியிருப்புக்குப் பின்பக்கம், ரோட்டை ஒட்டி. யாரும் அங்கே அதிகம் போவதில்லை. அவர்தான் நம் வீட்டுக்கு வந்துவிடுவாரே. கொழுக்கட்டை செய்து மூடி எடுத்துக்கொண்டு, அவர் ஆபீஸ் போயிருக்கும் நேரமாகப் பார்த்துப் போனேன்.

மூங்கில் தட்டி. சாணி மெழுகின மண் தரை. அவர் மனைவி மணைப் பலகைமேல் காலைத் தூக்கி வைத்து உட்கார்ந்து அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். பாயும் இல்லை, பாய்க்கு அடியில் ஒளித்து வைக்க ஒன்றும் இல்லை.

"பாத்து வாங்கக்கா, காலைல ஒரு பூரான் ஓடுச்சு" என்றாள்.

"நீங்க தரை போடலியா?"

"எங்க! ஊருக்கெல்லாம் போட்டுக் குடுத்தாரு. யாரு யாரு மணலப் பத்தி வந்து கேட்டாகளோ அவுகளுக்கெல்லாம் காண்டிராக்டர்ட்ட சொல்லி அனுப்பி வச்சாரு. எனக்குன்னு கேட்டா, 'நமக்கு எதுக்கு, நாம யார்ட்டயும் வாங்கக் கூடாது'ங்குறாரு." சொல்லிவிட்டு என் கொழுக்கட்டையைப் பார்த்தாள். "இதயும் வாங்க மாட்டேன்னு தப்பா நெனக்காதீங்க. அவருக்குத் தெரிஞ்சா சத்தம் போடுவாரு."

கொழுக்கட்டையோடு திரும்பி வந்தேன். வழியெல்லாம் எனக்கு ஆத்திரம். அவர் லஞ்சம் வாங்கியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். சொல்லிர்றேன் என்றாரே, உண்மையிலேயே சொல்லியிருக்கிறார், மணல் அள்ளுகிறவனிடமே போய்ச் சொல்லியிருக்கிறார்! இவள் சத்தம் போடுகிறாள், இவளுக்கு இவ்வளவு போதும் என்று கணித்துக் கொடுத்திருக்கிறார். தனக்கு எதுவும் எடுத்துக்கொள்ளவில்லை. பிறகு எதற்காகச் செய்தார்? காண்டிராக்டர் சொந்தக்காரனா என்று விசாரித்தேன், இல்லை. பிரமோஷனா, அதுவும் இல்லை. சண்டையில்லாமல் எல்லோரும் வீட்டுக்குப் போக வேண்டும், எல்லோரும் அவரைப் பார்த்துக் கும்பிட வேண்டும், அவ்வளவுதானா? அப்படி ஒரு ஆசைக்காக ஒருவர் கடலோரத்தையே தூக்கிக் கொடுப்பாரா என்று எனக்கு நம்ப முடியவில்லை. இன்றும் முழுசாக நம்பவில்லை.

அடுத்த வருஷம் மழைக்கு முந்தின வெயிலில் கிணறு மாறியது. பௌதி வடித்த சோறு உப்பே போடாமல் உப்புக் கரித்தது. கைக்குழந்தையாக இருந்த என் இளையவள் பால் மாவைத் துப்பினாள். வேறு டப்பாவை உடைத்துக் கரைத்தேன், அதையும் துப்பினாள். நான் குடித்துப் பார்த்த பிறகுதான் குறை மாவில் இல்லை என்று தெரிந்தது. ஒரு வாரத்துக்குள் அவளுக்கு வயிற்றோட்டம் கண்டு, தூக்கினால் துணி மாதிரித் துவண்டாள்.

ஒரு காலை எல்லோரும் கிணற்றடியில் கூடிவிட்டோம். செக்ரட்டரி வந்தார். கூட்டம் விலகி வழி விட்டது. குடையை இடுக்கிக்கொண்டு, ஒரு வாளி இறைக்கச் சொல்லி, கையைக் குவித்து வாங்கி வாயில் ஊற்றினார். இது பொதுக் கிணறு, யார் வீடும் இல்லையே. வாயில் வைத்துக் கொஞ்ச நேரம் யோசித்தார். விழுங்கினார். முகம் மாறவே இல்லை.

"கொஞ்சம் கனமா இருக்கு. மழை விழுந்தா சரியாயிரும்" என்றார். இந்திக்காரர்கள் பக்கம் திரும்பி, "தோடா பாரி ஹை, பஸ்."

அவருக்குப் பின்னால் கோடி வீட்டுத் தெலுங்குக்காரர் குடித்தார். "ஹாங், பாரி ஹை." அடுத்து மலையாளி. அடுத்து பௌதி. எல்லோரும் வாயில் ஊற்றி விழுங்கிவிட்டு, ஆமாம், கனமாகத்தான் இருக்கிறது என்றார்கள். யார் வாயிலிருந்தும் உப்பு என்ற சொல் வரவில்லை. எல்லோர் வீட்டுப் பாய்க்கும் அடியில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும். வாளி என்னிடம் வந்தது. நான் வாயில் ஊற்றி, அவர் செருப்புக்குப் பக்கத்தில் துப்பினேன்.

"உப்பு" என்றேன்.

என் வீட்டுக்காரர் கையைப் பிடித்து இழுத்தார். கூட்டத்தில் யாரோ கேட்டார்கள், "உங்க வீட்டுத் தரைக்கு மணல் எங்கேருந்து வந்துச்சு ரெஜினாக்கா?"

"இதே கரையில இருந்துதான் வந்துச்சு. அதுக்காவ உப்பு இனிக்குமா?"

செக்ரட்டரி என் இடுப்பில் கிடந்த பிள்ளையைப் பார்த்து, "டாக்டர்ட்ட காட்டுங்கம்மா, நான் சொல்லி வைக்கிறேன்" என்றார். சொல்லியும் வைத்தார். ஆஸ்பத்திரியில் எங்களைக் காக்க வைக்கவில்லை.

அதற்குப் பிறகு நான் பத்துபஸ்திக்குப் பஸ்ஸில் போய், நாத்தனார் வீட்டுப் பக்கத்து ஊற்றிலிருந்து பித்தளைக் குடத்தில் தண்ணீர் கொண்டு வர ஆரம்பித்தேன். பஸ்ஸில் பாதி அலம்பிப் புடவை நனையும். மீதியில் பிள்ளைக்குப் பால் கரைப்பேன், அவளுக்கு வயிறு நின்றது. குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு குடியிருப்பின் நடுவழியாகத்தான் நடப்பேன். பின் வழியும் இருந்தது. நான் நடுவழியாகவே போனேன்.

ஒரு மதியம் வெயில் கொளுத்துகிறது. ஆண்கள் வேலைக்குப் போயிருந்தார்கள், பௌதி வீட்டில் கதவு சாத்தியிருந்தது. செக்ரட்டரி தனியாக வந்தார். டவுனிலிருந்து நடந்தே வந்திருப்பார் போல, சட்டை முதுகில் ஒட்டியிருந்தது. உதடு வெடித்து, ஓரத்தில் வெள்ளை படிந்திருந்தது. அவர் வீட்டில் எல்லோரும் அந்தக் கிணற்றுத் தண்ணீரைத்தான் குடிக்கிறார்கள், அவர் சொன்னால் சொன்னதுதான் என்று அவர் மனைவி என்னிடம் அழுதிருந்தாள். முக்காலியில் உட்கார்ந்தார்.

"அம்மா, நீங்க கொடத்தோட இப்புடிப் போறது வர்றது ஜனங்க மனச என்னமோ பண்ணுது. பைப்பு வரும். சொல்லியாச்சு."

"யார்ட்ட சொன்னிய?"

குடை நுனி மேலே போகவில்லை. அவர் கண் எனக்குப் பின்னால், அடுப்படி வாசலில் ஈரத்துணி சுற்றி வைத்திருந்த குடத்தில் இருந்தது. தொண்டை ஏறி இறங்கியது.

"கொஞ்சம் தண்ணி குடுக்குறீகளாம்மா?" என்றார்.

எனக்குக் காது சரியாகத்தான் கேட்கிறதா என்று தோன்றியது. செம்பில் மொண்டேன். கொண்டு வந்து அவருக்கு முன்னால் நின்றேன், ஆனால் கொடுக்கவில்லை.

"நம்ம கிணத்துத் தண்ணி எப்படி இருக்குன்னு சொல்லுங்க சார். தாரேன்."

தாகத்துக்கு வந்தவரிடம் அப்படிக் கேட்கலாமா என்று நீங்கள் நினைக்கலாம். நான் கேட்டேன். அவர் செம்பைப் பார்த்தார். பிறகு இடது பக்கம் திரும்பிப் பார்த்தார், வலது பக்கம் திரும்பிப் பார்த்தார். பௌதியின் சாத்தின கதவைப் பார்த்தார். தெருவில் ஒரு கோழிதான் இருந்தது.

"உப்புத்தாம்மா" என்றார். "குடிக்கவே முடியல. போன மாசத்துல இருந்து எம் பொண்டாட்டிக்குக் கால் வீங்கிக் கெடக்கு."

செம்பைக் கொடுத்தேன். அண்ணாந்து ஊற்றாமல், வாயை வைத்தே குடித்தார். இன்னொரு செம்பு கேட்டார். அதையும் குடித்துவிட்டுக் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். எனக்கு அந்த நிமிஷம் அவர்மேல் உண்மையாகவே பிரியம் வந்தது. பாவம், வாயைத் திறந்துவிட்டார், இனிமேல் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்தேன். அவ்வளவு சந்தேகம் பிடித்தவள், அன்றைக்குப் பார்த்து நம்பினேன்.

"ஞாயித்துக்கெழம கூட்டத்துல இதையே சொல்லுங்க சார். நீங்க சொன்னா எல்லாரும் சொல்லுவாங்க. எல்லாரும் போயி லாரி முன்னால நின்னா எவன் மணல் அள்ளுவான்?"

"பாக்கலாம்மா" என்று எழுந்தார். குடையை விரித்துக்கொண்டு பின் வழியாகப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து நாங்கள் வந்ததும் மோவா மரத்தடியில் கூட்டம். அதற்குள் வேர் எல்லாம் நன்றாக வெளியே வந்திருந்ததால் எல்லோருக்கும் உட்கார இடம் இருந்தது. செக்ரட்டரி எழுந்தார். பள்ளிக்கூடக் கொட்டகை, மண்ணெண்ணெய், கப்பல் டிக்கெட் எல்லாம் சொன்னார். கடைசியாகக் கிணறு. "தண்ணி கொஞ்சம் கனமா இருக்கு. மேல சொல்லியாச்சு. ஹோ ஜாயேகா." எல்லோரும் தலையாட்டினார்கள்.

நான் எழுந்தேன். என் வீட்டுக்காரர் முந்தானையைப் பிடித்தார், உதறினேன்.

"கனம் இல்ல, உப்பு. இவரே சொன்னாரு. புதன்கிழம மத்தியானம் எங்க வீட்டுக்கு வந்து, குடிக்க முடியலன்னு சொல்லி, என் கையால ரெண்டு செம்புத் தண்ணி வாங்கிக் குடிச்சிட்டுப் போனாரு. கேட்டுப் பாருங்க!"

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அது பரவியது.

"யாரு, செக்ரட்டரியா?"

"உங்க வீட்லயா? தண்ணியா?"

"அவரு கப்பல் சீட்டு வாங்கிக் குடுத்த வீட்லயே இளநீ குடிக்கல, இந்தக்கா வீட்ல போயிக் குடிச்சாராம்!"

பௌதி என்னைப் பார்த்த பார்வையில் இரக்கம் இருந்தது. "கியூன் ஜூட் போல்தி ஹோ?" ஏன் பொய் சொல்கிறாய் என்று மெதுவாகக் கேட்டாள். எனக்கு அவர்மேல் என்ன கோபம் என்று ஒருவர் கேட்டார். பத்துபஸ்தித் தண்ணீரை விற்கப் பார்க்கிறேன் என்று இன்னொருவர் சொன்னார். நான் செக்ரட்டரியைப் பார்த்தேன். நீங்கள் சொல்லுங்கள் என்று கைநீட்டிக் கேட்டேன்.

அவர் கண்ணை மூடியிருந்தார். நான் பேசியதற்கும் தலையாட்டிக்கொண்டிருந்தார். சிரிப்பு அடங்கியதும் கண்ணைத் திறந்தார்.

"அக்காவ யாரும் ஒண்ணும் சொல்லாதீக. பிள்ளைக்குச் சொகமில்லாத வருத்தம். அவுக மனசுல உள்ளத நான் வாங்கிக்கிட்டேன். சொல்லிர்றேன்."

எல்லோருக்கும் திருப்தி. எழுந்து மணலைத் தட்டிக்கொண்டார்கள்.

லாரி நின்றது, ஆனால் அந்தக் கூட்டத்துக்கு ரெண்டு மழைக்காலம் கழித்து, அள்ளுவதற்கு அடியில் பாறைதான் மிச்சம் என்று ஆன பிறகு. மோவா மரம் ஒரு புயல் மழையில் கடல் பக்கம் சாய்ந்தது. கடல் ஏறும்போதெல்லாம் கிணற்றுக்குள் வந்து போயிற்று, கடைசியில் பிள்ளைகள் விழுந்துவிடக் கூடாது என்று மூடினார்கள். பைப்பு வருவதற்குள் பாதிக் குடும்பம் வேறு இடம் பார்த்துக்கொண்டு போய்விட்டது, நாங்களும் பத்துபஸ்திக்குப் போனோம். அத்தனை வருஷம் யார் வீட்டிலும் ஒரு வாய் வாங்கிக் குடிக்காமல் இருந்தாரே, இப்படி ஒரு நாள் தேவைப்படும் என்றுதான் அந்தப் பெயரைச் சேர்த்து வைத்தாரா என்று எனக்கு ஒரு சந்தேகம். அந்த அளவுக்குக் கணக்குப் போடுகிற ஆள் இல்லை என்று அடுத்த நிமிஷம் தோன்றும். வெடித்த உதடு பொய் இல்லையே.

ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமையை நான் இன்னும் முடிக்கவில்லை. கூட்டம் கலைந்துகொண்டிருந்தது. என் வீட்டுக்காரர் என்னிடம் பேசாமல் முன்னால் போய்விட்டார். நான் அந்த வேரிலேயே உட்கார்ந்திருந்தேன். செக்ரட்டரி எல்லோரிடமும் கும்பிடு வாங்கிக்கொண்டு, குடையை முதுகுக்குப் பின்னால் குறுக்கே பிடித்தபடி என்னைக் கடந்து போனார். போகிறபோது முகத்தைத் திருப்பாமல், நடையையும் குறைக்காமல், எனக்கு மட்டும் கேட்கிற மாதிரிச் சொன்னார்.

"அன்னைக்குக் குடுத்த தண்ணி தேவாமிர்தமா இருந்துச்சும்மா."